முழுமையாகச் சீரமை

கலைப்பிரியா வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பன்னிரண்டுக்குப் போன கரண்ட் மூன்று மணிக்குத்தான் வரும். அந்த வருஷம் விழுப்புரம் பக்கத்துக் காணையில் தினமும் அப்படித்தான். அப்பா தாண்டவராயன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அணைந்து கிடந்த திரையைப் பார்த்தபடி விசிறிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் பூரித்து, மடியிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினார்.

"டிஸ்க்குல கோளாறு. முக்காவாசிக்கு மேல சரி பண்ணிட்டேன். கரண்ட் வந்ததும் மீதியும் முடிச்சிடுவேன்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"எத்தப்பா அமுக்குன?"

அவர் பேனாவை அழுத்திப் பிடித்து, திரையில் பார்த்ததை ஒற்றெழுத்துகூட விடாமல் எழுதினார்: முழுமையாகச் சீரமை.

அந்த வார்த்தையை அங்கே வைத்தவளே அவள்தான். அதை அவள் அப்போது வாய் திறந்து சொல்லவில்லை. வெளி டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடி ஆச்சி?" என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்த அம்மா வீரம்மாளுக்கு, "எல்லாம் போச்சிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டிஸ்க்குக்குப் போய் இப்படியா என்று கேட்பீர்கள்.

தாண்டவராயன் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் ரோட்டுக்குத் தார் ஊற்றியவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் நிற்கிறவனைத் திட்டுவார், அது அவன் காதிலும் விழும். போன வருஷக் கடைசியில் குரல் கம்மியது. புதுச்சேரிப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், பேச்சு தங்காது என்றார். அறுவைக்குத் தேதி குறித்ததிலிருந்து பதினோரு நாள் கலைப்பிரியா அவரை மைக் முன்னால் உட்கார வைத்துப் பேசவிட்டாள். கரகரத்த குரல்தான். ஆனாலும் அவருடையது.

அதை வைத்து அவளே ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். திரை முழுக்கத் தமிழில் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் அப்பாவின் குரலே ஸ்பீக்கரில் பேசும். "வீரம்மா, தண்ணி குடு." "யாருடா அது வாசல்ல?" "மழ வருது, காயற மல்லாட்டைய அள்ளு." இப்படி நானூற்றுச் சொச்சம். கழுத்தில் ஓட்டையும் அதன் மேல் வெள்ளைத் துணியுமாக மனுஷன் திரும்பி வந்த மறுநாளே, பொத்தானை அமுக்கிக் கோழியை விரட்டினார். மூத்தவன் ராம்கி சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான்; அவன் போன் பண்ணினால் செல்போனை ஸ்பீக்கரிடம் பிடித்து, "சாப்ட்டியாடா?" என்று அமுக்குவார்.

அந்த நானூற்றுச் சொச்சமும்தான் அந்த டிஸ்க்கில் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டில் கட்டற்ற மென்பொருள்காரி. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் ஆகாது, திருட்டு சி.டி.யும் ஆகாது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்றிருப்பதுதான் மென்பொருள் என்பாள். டேட்டா கார்டு, அவள் வைத்திருக்கும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் வேலை செய்ய நாலு நாள் மல்லுக்கட்டினாள். ஐந்தாம் நாள் இணையம் வந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். ராம்கி, "அப்பா பேசுனத எம்பித்ரீயா மாத்தி என் போனுக்கு அனுப்பு" என்று கெஞ்சினான். எம்பித்ரீ இன்னொருவன் காப்புரிமையில் கிடக்கும் வடிவம், 'ஆக்' என்ற கட்டற்ற வடிவத்தில்தான் தருவேன், அதைப் பாடும் போனாக வாங்கு என்று சொல்லிவிட்டாள். இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்றால் யாருடைய சர்வரிலோ அப்பா குரல் கிடக்கக் கூடாது என்பாள். ஆறு மாசத்துக்கு ஒரு முறை லினக்ஸின் புது வெளியீடு வந்ததும் கம்ப்யூட்டரை வழித்துத் துடைத்து அதைப் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இரண்டு வாரம் முன்புதான் அப்படித் துடைத்தாள். டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

இவளுக்கு ஊரில் சிநேகிதம் குறைவு, மடற்குழுவில் அதிகம். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் முப்பது நாற்பது பேர் சேர்ந்து மென்பொருள்களைத் தமிழாக்கும் குழு அது. அரட்டை அறையில் ஒருநாள் அவசரத்தில், "பண்ணிக்கினு இருக்கேன்" என்று நம்மூர்ப் பேச்சிலேயே அடித்துவிட்டாள். க்னு என்ற பெயரில்தானே கட்டற்ற மென்பொருள் இயக்கமே இருக்கிறது, இவர் பேச்சிலேயே அது இருக்கிறது என்று கிண்டல் கிளம்பி, அன்றிலிருந்து அவள் 'கினு அக்கா'. அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்தக் குழுவில்தான் அந்த வார்த்தைச் சண்டை வந்தது. டிஸ்க்குகளைக் கவனிக்கும் ஒரு சின்ன மென்பொருளை அவள் தமிழாக்கினாள். 'ஃபார்மாட்' என்பதற்குச் 'சீரமை' என்று போட்டாள். சக்கரபாணி என்று ஒருவர் எதிர்த்து எழுதினார். 'அம்மா, ரோடு சீரமைப்பு, குளம் சீரமைப்பு என்றால் எங்கள் ஊரில் ரிப்பேர் பண்ணுவது. இது இருப்பதையெல்லாம் அழிக்கிற வேலை. யாராவது நம்பி அமுக்கிவிடுவார்கள். ஃபார்மாட் என்றே விட்டுவிடுங்கள்.' இவள் விடுவாளா? சீர் என்றால் ஒழுங்கு, ஒழுங்காக அமைப்பது சீரமை, அகராதியைப் பாருங்கள் ஐயா, ஊருக்கு ஊர் வழங்குகிற பேச்சையெல்லாம் கலைச்சொல்லாக்க முடியாது என்று பாடம் எடுத்தாள். மூன்று வாரம் ஓடியது. கடைசியில் அந்த மனுஷன் சலித்துப் போய் நிறுத்திக்கொண்டார். இவள் ஜெயித்தாள்.

ரோட்டில் 'சாலை சீரமைப்புப் பணி நடைபெறுகிறது' என்ற பலகையை முப்பது வருஷம் தூக்கி நட்டவர் தன் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்பது அந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் கரண்ட் பட்டென்று போனதில் டிஸ்க் குழம்பியிருந்தது. காலையில் அப்பா பொத்தானை அமுக்கினால் சத்தம் வரவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது: 'இவ்வட்டைப் படிக்க இயலவில்லை. சீரமைக்கவா?' கீழே, 'விரைவாகச் சீரமை', 'முழுமையாகச் சீரமை', 'வேண்டாம்'. அவசர அவசரமாக ஒட்டுப் போட்ட ரோடு ஒரு மழைக்குத் தாங்காது என்று தெரிந்தவர் அவர். முழுமையாகவே ஆகட்டும் என்று அமுக்கினார். அது டிஸ்க்கின் தலையிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பூஜ்யத்தை எழுதிக்கொண்டு போகிற வேலை. இரண்டு மணி நேரம், கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கலைப்பிரியா மடற்குழுவில் எழுதினாள்: 'அவசர உதவி. வெளி டிஸ்க் தவறுதலாக அழிந்துவிட்டது. ஈடு செய்ய முடியாத ஒலிக்கோப்புகள்.' எந்த வார்த்தையால் அழிந்தது என்று எழுதவில்லை. பதில்கள் வந்தன. காப்பு நகல் எடுக்கவில்லையா என்று ஒருவர். எந்த வெளியீடு என்று ஒருவர். இது மொழிபெயர்ப்புக் குழு, இந்த மாதிரிக் கேள்விக்கு வேறு குழு இருக்கிறது என்று ஒருவர். பூஜ்யம் எழுதியிருந்தால் கடவுளே வந்தாலும் முடியாது, வருந்துகிறேன் என்று ஒருவர். அவளே இது போல எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருக்கிறாள்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம்.

"ஒனக்கு இன்னாத்துக்குயா அந்த வேல?" என்று வீரம்மாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள பதினோரு நாளு ஒக்காந்து எடுத்தத ஒரு அமுக்குல தொலச்சிட்டு நிக்கிறியே. தெரியலன்னா தெரியலன்னு குந்திக்கினு இருக்கக் கூடாது?"

ராம்கி போனில் கத்தினான். ஸ்பீக்கர் போட்டிருந்தது. "தெரியாததுல எதுக்கு அவரு கை வைக்கிறாரு? ஒரு நாளு பொறுத்தா தங்கச்சி வந்து பாக்காதா?"

தாண்டவராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார். "தெரியாம பண்ணிட்டேன். படிச்சவன் இல்ல."

அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. தொண்ணூற்று மூன்றில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து, நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். அப்போது கலைப்பிரியா மூன்றாம் வகுப்பு. அப்பாவும் மகளும் ஒரே சிம்னி விளக்கில் பாடம் எழுதினார்கள். பஸ் பலகை, சுவர் விளம்பரம், மருந்துச் சீட்டு என்று எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிப்பார். படிக்கத் தெரியும் என்பதுதான் அவருக்குப் பேச்சுக்கு அடுத்த கெத்து. இப்போது அதையும் தன் கையாலேயே அடித்துப் போட்டார்.

அந்த இடத்திலாவது இவள் சொல்லியிருக்க வேண்டும். அவர் மேல் தப்பில்லை, நான் போட்ட வார்த்தை அது என்று. சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பன் மேல் விழுந்த பேச்சுக்கெல்லாம் பக்கத்தில் நின்று கல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் தனிமடல் ஒன்று வந்தது. 'திண்டிவனத்தில் இருக்கிறேன். செஞ்சி ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. டிஸ்க்கை எதிலும் செருகாமல் எடுத்து வாருங்கள். சக்கரபாணி.' அவ்வளவுதான். அந்த ஆளை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் ஊரில்' என்று அவர் எழுதியது பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்து ஊர்.

திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனாள். சக்கரபாணிக்கு ஐம்பது வயசு இருக்கும், கட்டம் போட்ட சட்டை, கண்ணாடி மூக்கு நுனியில். கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கினு அக்காவா? வாம்மா, ஒக்காரு. நான் ஒன்ன பெரிய வயசுக்காரம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

டிஸ்க்கை வாங்கி, முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கவிட்டார். மூலத்தின் மேல் கை வைக்கவே கூடாது, நகலில்தான் தோண்ட வேண்டும் என்றார். பிறகு திரும்பி உட்கார்ந்தார்.

"எப்புடி அழிஞ்சிது? தவறுதலான்னு எழுதியிருந்த. எந்தத் தவறுதல்?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். பெட்டி வந்ததையும், மூன்று பொத்தானையும், அப்பா எதை அமுக்கினார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த மனுஷன் ஏதாவது சொல்லிக் குத்த மாட்டாரா, நாலு வார்த்தை திட்ட மாட்டாரா என்று அவளுக்கு ஏக்கமாகவே இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் வுட்டிருக்கக் கூடாதும்மா" என்றார் கடைசியில். "இங்க வர்றவங்கள தினம் பாக்கறேன். எனக்குத் தெரியும், யாராவது அமுக்குவாங்கன்னு. ஒங்கூட மல்லு கட்டறது பேஜாரா இருந்துச்சி. எப்படியோ போவட்டும்னு வுட்டுட்டேன்."

"நான்தான் சார் ஒங்க வாய அடைச்சேன்."

"வீட்ல சொன்னியா?"

"இல்ல."

"அவரு தாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கினு இருக்காரா?"

அவள் தலையாட்டினாள்.

நகல் ஓடிய நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்தே குழுவுக்கு எழுதினாள். 'சீரமை' தப்பு, 'எல்லாவற்றையும் அழி' என்று மாற்ற வேண்டும், இன்றே மாற்ற வேண்டும். கால் மணியில் பதில் வந்தது. இந்த வெளியீடு பூட்டியாகிவிட்டது, அடுத்ததில்தான் திருத்த முடியும். அதுவரைக்கும் அந்தப் பெட்டி யார் யார் வீட்டிலோ வரும், கீழே 'தமிழாக்கம்: கலைப்பிரியா' என்று அவள் பெயரோடு வரும்.

நகல் முடிந்து தோண்டலும் முடிய மூன்று மணி ஆயிற்று. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனபோது பூஜ்யம் எழுதாமல் மிஞ்சியது டிஸ்க்கின் கடைசி ஓரம் மட்டும்தான். அந்த ஓரத்தில் ஆறு ஒலிக்கோப்புகள் அகப்பட்டன. பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். பொத்தான்களுக்காக அவள் வெட்டி அடுக்கிய நானூற்றுச் சொச்சமும் அழிந்துபோன இடத்தில் இருந்திருக்கின்றன. இவை வேண்டாம் என்று அவள் கழித்து ஒதுக்கியவை.

காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் நாலும் இருமல், நாற்காலி சத்தம், தொண்டையைக் கனைத்துக்கொள்வது. ஐந்தாவதில் "வீரம்" என்பதோடு அறுந்து போனது. ஆறாவதைக் கேட்டு முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்து, கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பாதானம்மா?" என்று சக்கரபாணி மெல்லக் கேட்டார்.

"அப்பாதான் சார். நானும் இருக்கேன்."

வீடு வந்தபோது தாண்டவராயன் வாசலிலேயே நின்றிருந்தார். கிடைத்ததா என்று கையை விரித்துக் கேட்டார். கலைப்பிரியா அவரை உள்ளே அழைத்துப் போய், அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அப்பா மேல தப்பு இல்லம்மா. அந்தப் பெட்டில இருந்த தமிழு நான் எழுதுனது. அழிச்சிடுன்னு எழுத வேண்டிய எடத்துல சீரமைன்னு எழுதுனேன். வேணாம்னு ஒருத்தர் தலபாடா அடிச்சிக்கினாரு. நான் கேக்கல. ரெண்டு நாளா அப்பாவ நீ திட்டிக்கினு இருக்க, நான் பாத்துக்கினு இருந்தேன்."

வீரம்மாள் பிரமை பிடித்தவள் போலப் பார்த்தாள். தாண்டவராயன் நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்.

"சீரமைன்னா சரி பண்றதுதான?"

"ஆமாம்பா."

"அப்ப நான் சரியாதான் படிச்சிருக்கேன்."

எழுதிவிட்டு அதைப் பெண்டாட்டியிடம் திருப்பிக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் காட்டினார். கலைப்பிரியா அதைப் படித்துச் சொல்ல முயன்று, முடியாமல் நிறுத்தினாள்.

அவர் ஸ்பீக்கரைக் கை காட்டினார். கிடைத்ததைப் போடு.

"ஒண்ணுதான்பா இருக்குது. அது வேணாம்பா."

அவர் மறுபடியும் கை காட்டினார். அவள் போட்டாள்.

"ஏம்மா, இன்னும் பேசணுமா?" என்றது தாண்டவராயனின் குரல். வீரம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசறேன்."

"போதும்பா" என்றது கலைப்பிரியாவின் குரல், அவசரமாக, பின்னால் கீபோர்டு தட்டும் சத்தத்தோடு. "மீதிய நாளிக்குப் பாத்துக்கலாம். இன்னிக்குள்ள நான் குழுவுக்கு இந்த வார்த்தையெல்லாம் முடிச்சி அனுப்பணும்."

அதைப் பதிவு செய்த மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. படுக்கை காலியாக இருக்கிறது, இன்றே வந்து சேர்ந்துவிடுங்கள் என்று. அவள் சொன்ன அந்த 'நாளிக்கு' வரவேயில்லை.

தாண்டவராயன் மௌஸைத் தானே பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அமுக்கினார். ஏம்மா, இன்னும் பேசணுமா? முடிந்ததும் மறுபடியும். தலையைச் சாய்த்து, ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு, வேறு யாரோ பேசுவதைப் போலக் கேட்டார். ஐந்தாவது தடவை வீரம்மாள் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். கலைப்பிரியாவால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், 'போதும்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார். அந்த வார்த்தைதான் அவள் குரலிலேயே ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அப்பா மறுபடியும் அமுக்கினார்.